இரண்டு சர்க்காருக்கு ஓர் ஆள்

கத்தரிக்காயைச் சுட்டுத்தான் கொத்சு செய்ய வேண்டும், சார். வேகவைத்துச் செய்கிறவன் சிதம்பரத்தில் கடை வைக்க லாயக்கில்லாதவன். எனக்கு எதிர்க்கடைக்காரன் வேகவைக்கிறான். அதையும் சப்புக்கொட்டித் தின்ன ஆள் வருகிறது. மனிதர்களைப் பற்றி என் அபிப்பிராயம் அவ்வளவுதான். சர்க்கார் அதிகாரி நீங்கள், மெட்ராஸிலிருந்து மெனக்கெட்டு வந்து, மூன்று வருஷத்துக்கு முந்திய ஒரு சங்கதியைக் கேட்கிறீர்கள். சொல்கிறேன், உட்காருங்கள்.

அறுபத்து நாலு மாசியில் கொழும்பிலிருந்து குணதிலக என்று ஒரு போலீஸ் அதிகாரி கடலூர் வந்தார். அதற்கு முந்திய வருஷம் கொழும்பில் கண்ணாயிரம் பிள்ளை என்ற மளிகைக்கடை முதலாளியையும் அவர் மனைவியையும் யாரோ அடித்துக் கொன்றிருந்தார்கள். கடைச் சிப்பந்தி சாமிக்கண்ணுவைக் காணவில்லை. அவன் ஊர் கடலூர்ப் பக்கம் என்பது மட்டும் தெரியும். ஆளைப் பிடித்துக் கொடுங்கள் என்று அந்த சர்க்கார் கேட்டது, ஆகட்டும் என்று இந்த சர்க்கார் சொன்னது. இங்கே அவருக்குத் துணையாகப் போட்டது இன்ஸ்பெக்டர் கலியபெருமாளை.

சர்க்காரும் சர்க்காரும் ஒத்தாசை செய்துகொள்ளும் லட்சணத்தை நான் கிட்டே இருந்து பார்த்தவன். கலியபெருமாளுக்கு இங்கிலீஷ் எழுத வரும், பேச வராது. குணதிலகவுக்குப் பேச வரும், ஆனால் கலியபெருமாள் பேசுவது இங்கிலீஷ் என்றே அவருக்குத் தெரியவில்லை. இருவரும் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு என் கடைக்குச் சாப்பிட வந்தார்கள். கையில் ஒரு போட்டோ வைத்திருந்தார்கள். முதலாளி மாலையும் கழுத்துமாக முன்னால் நிற்கிறார். பின்னால் மூட்டைகளுக்கு நடுவே சாமிக்கண்ணுவின் முகம், கொத்தமல்லி விதை அளவுக்கு. என்னிடமும் காட்டினார்கள். கிட்டே வைத்துப் பார்த்தேன், எட்ட வைத்துப் பார்த்தேன். தெரியவில்லை என்றேன்.

பாவமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். எரிச்சலாக இருந்தது. அதனால் நானே சொன்னேன், கொஞ்ச காலம் கண்டியில் இருந்திருக்கிறேன், எனக்குச் சிங்களம் வரும், வேண்டுமானால் கூட வருகிறேன் என்று. கலியபெருமாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். பூவராகன் சார், தெய்வம் மாதிரி வந்தீங்க என்றார். சாப்பிட்ட கையைக்கூட அவர் கழுவியிருக்கவில்லை.

இங்கே தங்கராசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலூர் ஓ.டி. பக்கம் ஒரு குப்பத்தில் மீன்பிடிக்கிறவன். நல்லவன். நல்லவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஓர் அலுப்பு. யாழ்ப்பாணத்துப் பக்கம் கூலிக்கு வலையிழுக்கப் போயிருந்தவன், காகிதம் எதுவும் இல்லாமல் ஒரு நாள் தோணியில் ஊர் திரும்பினான். அன்றைக்குக் கரையில் முன்பின் தெரியாத ஒருவர் நின்று, என்னையும் ஏற்றிக்கொள் என்று கேட்டார். ஏன், எதற்கு என்று இவன் கேட்கவில்லை. ஏற்றிக்கொண்டான். தன் கஞ்சியில் பாதியைக் கொடுத்தான். அவர் கையில் காயம் இருந்தது, தன் துண்டைக் கிழித்துக் கட்டினான். கோடியக்கரையில் இறக்கிவிட்டு, பேர்கூடக் கேட்காமல், வரேன் மாமா என்று கும்பிட்டுப் போனான். இப்படி ஒரு ஜென்மம்.

அவன் அதோடு போயிருந்தால் அவனுக்கும் நல்லது. குணதிலக வருவதற்கு முந்திய மார்கழியில், ஆருத்ரா தரிசனத்துக்குப் பெண்டாட்டியோடு சிதம்பரம் வந்தவன் என் கடையில் நுழைந்தான். கல்லாவில் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. கடை நிறைய ஜனம் உட்கார்ந்திருக்க, "மாமா, இங்கயா இருக்கீங்க? நம்ம தோணில வாந்தி எடுத்துக்கிட்டே வந்தீங்களே!" என்றான். நான் சிரித்தேன். இலை போடச் சொன்னேன். பரிமாறும்போதே யோசித்துக்கொண்டிருந்தேன். நான் எந்த வாரம் கடலைத் தாண்டினேன் என்று தெரிந்தவன் உலகத்தில் இவன் ஒருவன்தான். வாயை மூடத் தெரியாதவனும் இவன்தான்.

ஆகவே கலியபெருமாளிடம் தனியாகச் சொன்னேன். இன்ன குப்பத்தில் ஒருத்தன் இருக்கிறான், சிலோனிலிருந்து கள்ளத்தோணியில் வந்தவன், அங்கே ஒரு பேர் இங்கே ஒரு பேர் வைத்திருப்பானோ என்னவோ, விசாரித்துப் பாருங்கள் என்றேன். அவர் விசாரிக்கவில்லை. பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பங்களாவில் வைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, முதலில் அவன் பெண்டாட்டி லோகநாயகியைக் கூப்பிட்டார்கள். துணைக்கு அண்டைவீட்டு பூவம்மாள் வந்திருந்தாள். அவனுக்கு ஒரே பேர்தானா என்று தெரிய வேண்டும், அவன் பேரைக் கேளுங்கள் என்றார் குணதிலக. நான் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு பூவம்மாள் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுக்கா."

பூவம்மாள் தங்கராசு என்றாள். கலியபெருமாள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவருக்கு இதில் விசேஷம் ஒன்றும் தெரியவில்லை, அவர் வீட்டு அம்மாளும் புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். குணதிலக பட்டணத்து ஆள். அவரை அவர் மனைவி பேர் சொல்லித்தான் கூப்பிடுவாளாம். ஏன் அடுத்தவள் சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். இந்த அம்மாள் வாயால் அந்தப் பேர் வரவில்லை, பக்கத்தில் இருப்பவளைச் சொல்லச் சொல்கிறாள் என்றேன். இதில் எது பொய், சொல்லுங்கள். திரும்பவும் கேட்கச் சொன்னார். திரும்பவும் அவள் பூவம்மாளைத்தான் பார்த்தாள். மூன்றாம் தடவை அழ ஆரம்பித்துவிட்டாள். குணதிலக தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். கலியபெருமாள் வெற்றிலையைத் துப்ப வராந்தாவுக்குப் போனார், அங்கேயே ஈஸிசேரில் தூங்கிப்போனார்.

பிறகு தங்கராசுவைக் கொண்டுவந்து உள்ளே விட்டுவிட்டு, கான்ஸ்டபிள்கள் வெளியே போய்விட்டார்கள். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது.

"மாமா, நீங்க இருக்கறது நல்லதாப் போச்சு. கொலை நடந்துச்சுன்றாங்களே, அந்த வாரம் நான் ஒங்கள ஏத்திக்கிட்டுத்தானே ஊருக்கு வந்துக்கிட்டிருந்தேன். அதச் சொல்லுங்க மாமா."

என்ன சொல்கிறான் என்று குணதிலக கேட்டார். கொலை நடந்த அந்த வாரம்தான் தோணி ஏறித் தப்பி வந்ததாகச் சொல்கிறான் என்றேன். தப்பி என்பது மட்டும் நான் சேர்த்தது. மற்றதெல்லாம் அவனே சொன்னது. அவர் எழுதி முடிக்கிறவரை தங்கராசு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிட்டீங்களா மாமா?"

"சொல்லிட்டேன்."

விலங்கு மாட்டிய கையைத் தூக்கி என்னைக் கும்பிட்டான்.

அப்புறம் எல்லாம் வழவழவென்று நடந்தது. கொழும்புக்காரரே திருப்தியாகிவிட்டார், நமக்கென்ன என்று கலியபெருமாள் கையெழுத்துப் போட்டார். இந்தியப் போலீசே பிடித்துக் கொடுத்தது, சரியாகத்தான் இருக்கும் என்று குணதிலக போட்டார். இரண்டு சர்க்கார் முத்திரையையும் பார்த்துவிட்டு மாஜிஸ்திரேட் போட்டார். எதுவானாலும் அங்கே கோர்ட்டில் சொல்லிக்கொள் என்றார் அவனிடம். தனுஷ்கோடி அப்போது இன்னும் கடலுக்குள் போகவில்லை. போட் மெயிலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அங்கே சாமிக்கண்ணுவின் முகத்தை நன்றாக அறிந்த இருவரும் செத்துப்போயிருந்தார்கள், கோர்ட் முத்திரை போட்ட காகிதத்தைத்தான் பார்த்தது. மறு வருஷம் கொழும்பில் தூக்கில் போட்டார்கள். கலியபெருமாளுக்குப் பாராட்டு கிடைத்தது. அவர்தான் கடையில் உட்கார்ந்து சேதியைச் சொன்னார். அந்தப் பொம்பளைகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க சார் என்றார்.

நான் சொல்லவில்லை. லோகநாயகி இன்னமும் குப்பத்திலிருந்து வந்து கேட்கிறாள், மாமா, அவுங்க எப்ப வருவாங்க என்று. விசாரித்துக்கொண்டிருக்கிறேன், வந்துவிடுவான் என்பேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வேன். பூ வைத்துக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு போகிறாள். அது யார் புண்ணியம்? உங்கள் இரண்டு சர்க்காரும் சேர்ந்து அவளுக்கு அந்த உபகாரம் செய்ததா?

இப்போது கொழும்பில் யாரோ வக்கீலுக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது என்கிறீர்கள். தட்டட்டும். சாமிக்கண்ணு நான்தான். கண்ணாயிரம் பிள்ளை என்னை விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவார். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கும் சொடுக்கினார், எடைக்கல் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. அந்த அம்மாள் தங்கமானவள், அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்திருக்க வேண்டாம்.

எழுதிக்கொள்ளுங்கள், தாராளமாக. என்னைத் தூக்கில் போட வேண்டுமென்றால் இரண்டு சர்க்காரும் ஒன்றாக உட்கார்ந்து, தெரியாமல் வேறொருத்தனைத் தொங்கவிட்டுவிட்டோம் என்று ஊரறியச் சொல்ல வேண்டும். அந்த மாதிரி ஒத்தாசை எந்த சர்க்காரும் எந்த சர்க்காருக்கும் செய்யாது. அதனால்தான் இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்து உங்களிடம் பேசுகிறேன்.

கொழும்பில் அந்த இரண்டு பேரைக் கொன்றேன், அதை ஒப்புக்கொள்கிறேன். தங்கராசு கணக்கை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள் சார். அவனைக் கொன்றது நீங்கள். நான் மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான்.