கறுப்புப் படிவு

தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களுக்குள்ளும் அப்படித்தான் படிகிறது. விட்டால் அடைத்துவிடும். கடலிலுள்ள கிணறுகளிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த குழாய்களை மெல்பேர்னின் மேற்கே எங்கள் பட்டறையில் அமிலம் விட்டுக் கழுவினோம். எந்தப் படிவுக்கு அமிலம் விடலாம் என்று சோதித்துச் சொல்வது என் வேலை.

கழுவுபவர் விக்னராஜா. கப்பலில் வேலை செய்து எழுபத்தைந்தாம் ஆண்டில் இங்கே இறங்கியவர். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பக்கத்து ஊர். அவர் என்ன ஆட்கள் என்று அறிய எனக்கு ஒரு கேள்வி போதுமாயிருந்தது. அறிந்ததும் மறந்துவிட்டேன். நான் அதெல்லாம் பார்ப்பவன் அல்ல.

ஒருநாள் தேநீர் அறையில் என் கோப்பையில் குடித்துக்கொண்டிருந்தார். ஈர மீசை விளிம்பில் ஒட்டியிருந்தது. ஊறிய பிஸ்கட் அடியில் சேறாகக் கிடந்தது.

"உங்கட கோப்பையே அண்ணை? குறை நினையாதேங்கோ."

"பரவாயில்லை."

"ஊரிலயெண்டா எனக்குச் சிரட்டையிலதானே ஊத்தியிருப்பியள்."

கையைத் தேங்காய்ச் சிரட்டைபோலக் குவித்து வெள்ளைக்காரருக்கும் விளக்கினார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோப்பையைக் கழுவித் தந்தார். குப்பையில் போட்டேன்.

அடுத்த கிழமை வந்த குழாயில் படிவு கறுப்பு. கந்தகம் சேர்ந்த இரும்பு. அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு நச்சு வாயு எழும். வாயு கூடினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று ஆள் நிம்மதியாக நிற்பான்.

"கறுப்பாக் கிடக்கு அண்ணை. அசிட் விடலாமோ?"

"ஓம். சுண்ணாம்புதான். எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கு."

"நீங்கள் சொன்னாச் சரி. போகேக்கை கதவை ஒருக்காச் சாத்திவிடுங்கோ, குளிருது."

சாத்தினேன்.

மற்றவர்கள் அவரை வெளியே இழுத்துப் போட்டபோது நாடி இருந்தது. மூச்சு இல்லை. பட்டறையில் முதலுதவி படித்தவன் நான் ஒருவன்தான். வாயில் வாய் வைத்து ஊதச் சொல்லிக் கத்தினார்கள். உதட்டில் நுரை, மீசையில் வாந்தி. பக்கத்தில் முழந்தாளிட்டேன். குனியவில்லை. நாடி நின்றதும் எழுந்து கைகழுவப் போனேன்.

தெரிந்தே சொன்னேன், தெரிந்தே சாத்தினேன். அதை மறுக்கவில்லை. ஆனால் சாதிக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்குச் சுத்தம் முக்கியம், அவ்வளவுதான். அதே நுரையோடு வேறு யார் கிடந்திருந்தாலும் ஊதியிருப்பேன்.