விலைப்படாத முகம்

கொக்குவிலில் மண்ணெண்ணெய் வரிசையில் நான் முப்பதாவது ஆள். குண்டு போடும் பொம்பர் இரைந்ததும் பதுங்கு குழிக்குள் முதலாவது ஆள். பின்னால் ஆறுதலாக இறங்கிய இரண்டு பெண்கள் விட்ட கதையைத் தொடர்ந்தார்கள்.

“பொம்பரைப் பார்த்த முகம் லண்டனிலை விலைப்படாதாம், தங்கம்.”

இருவரும் பனையோலைப் பெட்டி இழைப்பவர்கள். செய்தவரின் படத்தைப் பொருளில் ஒட்டி விற்று, கைவினைஞர்களுக்கு நியாய விலை கொடுக்கும் லண்டன் சங்கமொன்றிலிருந்து ஒரு பெண் இவர்களிடம் பயிற்சிக்கு வந்து போயிருக்கிறாள்.

“ஆர் அக்கா சொன்னது?”

“அந்த வெள்ளைக்காரப் பிள்ளைதான் எழுதியிருக்கு. பெட்டியிலை ஒட்டுறதுக்கு எடுத்த படத்திலை நான் மேலை பார்த்துக்கொண்டு நிக்கிறனாம். சிரிக்கிற முகம் வேணுமாம்.”

“வேறை படம் அனுப்புங்கோவன்.”

“பிலிமுக்கு எங்கை போறது? என்ரை பெட்டியளிலையும் உன்ரை படத்தை ஒட்டி வித்துப்போட்டினமாம்.”

நான் மண்ணோடு மண்ணாகக் கிடந்து, தெரிந்த கடவுள்களுக்கெல்லாம் தேங்காய் நேர்ந்துகொண்டிருந்தேன்.

“அதுக்கேன் அழுறியள்?”

“இடம்பெயர்ந்ததோடை மகன்ரை லண்டன் விலாசம் துலைஞ்சுபோச்சு. என்ரை புது விலாசம் அவனுக்கும் தெரியாது. எந்தக் கடையிலையெண்டாலும் என்னைக் காணுவானெண்டுதான் படத்துக்குப் போய் நிண்டனான்.”

“என்னைக் கண்டாலும் எங்கடை ஊர்ப் பெட்டியெண்டு விளங்குமெல்லோ.”

“ஊர் இருக்கெண்டு விளங்கும். அம்மா இருக்கிறா எண்டு விளங்காது.”

இரைச்சல் ஓய்ந்தது. இருவரும் ஏறிப் போனார்கள். நேர்ந்த தேங்காய்களில் ஒன்றை அந்த மகன் பேருக்கு மாற்றிவிடலாம் என்று பார்த்தேன். அவன் பெயரைக் கேட்க நான் இன்னும் குழியை விட்டு ஏறவில்லை.