விருந்து மண்டபத்துக்குப் பூக் கேட்டது

பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வரும் கோச் வண்டியில் எனக்கு எதிரே ஒரு கங்காணியும் ஒரு கொத்தனாரும் இருந்தார்கள். தேயிலைத் தோட்டத்துத் துரை இத்தாலி தேசத்து மாதிரியில் கட்டப்போகும் பங்களாவைப் பற்றித்தான் பேச்சு. வளைவுத் தூண்கள், பிள்ளைகளுக்குத் தனி அறைகள், விருந்தாளிகள் ஆட ஒரு மண்டபம். அந்த மண்டபம், லயத்து வீடுகளில் குடியிருக்கும் கூலிச் சனங்கள் கும்பிடும் மாரியம்மன் கல் இருக்கிற இடத்தில் வருகிறதாம்.

“நாளைக்குக் கல்லைப் பேத்துட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுங்க கொத்தனாரே. அம்மன் சரின்னுட்டா,” என்றார் கங்காணி.

“பூக் கேட்டீங்களா?”

“கேட்டாச்சு. லயமே பாத்துச்சு. பூசாரி எடுத்த பொட்டலத்துல வெள்ளைப் பூ.”

“எடுக்காத பொட்டலத்துல சிவப்பு இருந்துச்சா?”

கங்காணி வெளியே பார்த்தார்.

“உங்களைத்தான் கேக்குறேன் கங்காணியாரே. கடப்பாரையப் போடுறது என் கை. வீட்ல அவளுக்கு இது ஒம்பதாம் மாசம்.”

“ரெண்டுலயும் வெள்ளைதான் வச்சேன். தொரை விருந்துக்கு நாள் குறிச்சுட்டாரு. சிவப்பு வந்தா ஒரு சனம் காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு வராது. என் கங்காணி வேலையும் போயிரும்.”

“அப்ப இன்னைக்குச் சாயங்காலம் ஒழுங்காக் கேப்போம். வெள்ளை வந்தா நானே தோண்டுறேன்.”

“வேணாம்யா.”

“ஏன்?”

கங்காணியின் குரல் இறங்கிவிட்டது. “லயத்துக்கு முன்னால கேட்டதுக்கு முந்தின நாள் தனியாப் போயி ஒழுங்காத்தான் கேட்டேன். மூணு தரமும் சிவப்பு.”

நான் என்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கொத்தனார் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கரணையும் மற்றக் கருவிகளும் இருந்த அவருடைய பையைக் கங்காணி விடாமல் பிடித்துக்கொண்டார். பையை அவரிடமே விட்டுவிட்டு, கொத்தனார் வந்த வழியே திரும்பி நடந்தார்.