பூங்கோதை சொல்லாமல் விட்ட பெயர்

இந்த இரங்கல் கூட்டத்தின் அவைத்தலைவர் சிவலிங்கம் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பூங்கோதையின் கணவர் திரு. ராஜ்மோகன் அவர்களே, கார்டன் ரீச்சிலிருந்தும் ஜாதவ்பூரிலிருந்தும் இந்தக் கொல்கத்தா மழையில் நனைந்து வந்த நண்பர்களே! பத்மநாபனின் வணக்கம்.

எங்கள் மென்பொருள் பிரிவின் தலைமைப் புரோகிராமர் பூங்கோதை அம்மையார் போய்விட்டார் என்கிறார்கள். நாற்பத்து மூன்று வயது! புதன்கிழமை பக்கத்து மேசையில் சிரித்தவர் வியாழக்கிழமை இல்லை என்றால் எப்படி நம்புவது? எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

2002-இல் ஒரு ரத்த வங்கிக்காகப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். திரையில் ரத்தப் பிரிவைக் காட்டும் கட்டம் அடிக்கடி காணாமல் போனது. பெயர்க் கட்டத்துக்கு அடியில் போய் மறைந்துகொண்டது. காலையில் சரிசெய்தால் மாலையில் மறுபடி கோணல்! யார் காரணம்? திரையை வடிவமைத்தவர், வேலைக்கு வந்து இரண்டே மாதமான நாகலக்ஷ்மி. "அந்தப் பொண்ணுதான் எதையோ இழுத்து விட்டுடறா" என்று மேனேஜரிடம் முதலில் சொன்னவன் நான்தான். வெள்ளிக்கிழமையோடு அவரை அனுப்பிவிடுவது என்று முடிவானது.

"ரெண்டு நாள் குடுங்க தாதா" என்று எங்கள் வங்காளி மேனேஜரிடம் கேட்டார் பூங்கோதை. இங்கே அண்ணன் என்றால் தாதா, அக்கா என்றால் தீதி அல்லவா! அந்தத் திரையை ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் திறந்தார், சேமித்தார், மறுபடி பார்த்தார். ஒன்பதில் ஒன்றும் ஆகவில்லை. பத்தாவதில் கட்டம் நகர்ந்தது.

அது என் கம்ப்யூட்டர்!

கண் மங்குகிறதென்று எழுத்துகளைப் பெரிதாக வைத்திருந்தேன். சரிபார்க்க நான் திறந்தபோதெல்லாம் கட்டங்களும் பெருத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறின. நான் சேமித்ததும் அப்படியே பதிந்தன. நானே கெடுத்துவிட்டு நானே கோள் சொல்லியிருக்கிறேன்!

பூங்கோதை என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுத்தின் அளவைக் குறைத்தார். மேனேஜரிடம் போனார்.

"மெஷின் செட்டிங்ல கோளாறு. நாகலக்ஷ்மி மேல தப்பே இல்ல."

"யாரோட மெஷின், தீதி?"

"பத்தையும் ஒரே மாதிரி வெச்சுட்டேன். இனிமே வராது."

நாகலக்ஷ்மியின் வேலை தப்பியது. ஆனால் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை? இரக்கமா? அல்லது நானே சொல்வேன் என்று காத்திருந்தாரா? அதற்குப் பிறகும் நான்கு வருஷம் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு நாளாவது கேட்டேனா? இனி யாரைக் கேட்பேன்?

நாகலக்ஷ்மி, மூன்றாவது வரிசையில் அழுதுகொண்டிருக்கிறீர்கள். என்னை மன்னியுங்கள். இதை அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

நண்பர்களே, அவர் பாதியில் விட்ட வேலைகளை முடிப்போம். எங்கே கோளாறு வந்தாலும், யார் செய்தது என்று கேட்பதற்கு முன் என் கம்ப்யூட்டரைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன். இது அம்மையாருக்கு நான் தரும் வாக்கு.