எட்டாவது பாட்டு

என் மகள் அனுசுயா சின்னப்பிள்ளையில் சரியான வாயாடி. சுருளிப்பட்டியில் பஸ் ஏறிக் கம்பத்தில் இறங்குவதற்குள் கண்டக்டரின் குடும்பக் கதை முழுவதையும் கேட்டு வாங்கிவிடுவாள். எங்கள் திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்க வந்தவர்கள் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஒரே வரிசைக்கு இரண்டு தடவை அடித்த நாளும் உண்டு. வாக்குமூலத்தை நானே கைப்பட எழுதித் தருகிறேன் என்றதும், அம்மா, நீங்கள் பேப்பரும் பேனாவும் கொடுத்து ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தீர்கள். ஓர் இன்ஸ்பெக்டருக்கு இத்தனை பொறுமை அபூர்வம். அதனால் எதையும் விடாமல் எழுதுகிறேன்.

அந்த வாயாடித்தனம்தான் பாட்டாக மாறியது. பதினான்கு வயதில், ஸ்கூலுக்குப் போகிற பஸ்ஸில் நடப்பதையெல்லாம் ஏழு பாட்டாக எழுதினாள். உத்தமபாளையத்தில் மைக் செட்டும் சின்ன ரெக்கார்டிங் அறையும் வைத்திருந்த, அவள் சித்தப்பா என்று கூப்பிடுகிற வேல்பாண்டி, கீபோர்டு வாசித்துப் பதிவு செய்து கொடுத்தான். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய அறை அது. உள்ளே வெடி போட்டாலும் வெளியே கேட்காது. ‘ஆறேகால் பஸ்’ என்று பேர் வைத்து நெட்டில் ஏற்றினார்கள். இரண்டு வருஷம் சொந்தக்காரர்களைத் தவிர யாரும் கேட்கவில்லை. மூன்றாவது வருஷம் யாரோ அதில் ஒரு பாட்டுக்கு ஆடி வீடியோ போட, பத்தே நாளில் ஊரெல்லாம் அனுசுயாதான். சென்னையிலிருந்து பாட்டுக் கம்பெனிக்காரர்கள் தேடி வந்தார்கள். ஏழு பாட்டையும் மெருகேற்றி, புதிதாக ஒன்றைச் சேர்த்து, ஆல்பத்தை மறுபடியும் வெளியிடலாம் என்றார்கள்.

அன்றிலிருந்து அவள் குரல் என் பொறுப்பானது. பேசப் பேசத் தொண்டை தேயும் என்பது யாருக்கும் தெரிந்த விஷயம். வீட்டில் பேசக் கூடாது, வேண்டியதை ரஃப் நோட்டில் எழுதிக் காட்டு என்றேன். முதல் வாரத்தில் இரண்டு தடவை மறந்து பேசிவிட்டாள். பிறகு மறக்கவில்லை. உள்ளங்காலில் அடித்தால் வெளியே தெரியாது, பாடுவதற்கும் இடைஞ்சல் இல்லை. அடித்த கையோடு எண்ணெய் தடவிவிட்டதும் நான்தான். எட்டு மாதம் எங்கள் வீட்டில் அவள் சத்தம் பாட்டாக மட்டுமே கேட்டது. அந்தச் சுகத்தைச் சொன்னால் உங்களுக்குப் புரியுமோ என்னவோ.

எட்டாவது பாட்டை நானே எழுதினேன். அப்பாவும் மகளும் சேர்ந்து பாடுவது. எனக்கும் குரல் உண்டு, அம்மா. இருபது வயதில் ஊர்த் திருவிழா மேடையில் பாடியிருக்கிறேன். முதல் சரணத்திலேயே கரண்ட் போய்விட்டது. சீரியல் லைட்டெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது, மைக் மட்டும் செத்துவிட்டது. அன்று அது நடக்காமல் இருந்திருந்தால் நான் ஏன் திராட்சைக்கு மருந்தடித்துக்கொண்டு இருக்கப்போகிறேன். என் பாட்டைக் கேட்டுக் கம்பெனிக்காரர்கள் இழுத்தார்கள். மகளுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை, கையெழுத்து நான்தான் போட வேண்டும் என்று ஞாபகப்படுத்தினேன். அதற்குப் பிறகு அவர்களுக்கும் பாட்டுப் பிடித்துப்போனது. அனுசுயா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொன்னது என் மனைவி முத்துப்பேச்சிதான். “கம்பெனிக்காரக பிள்ள பாட்டக் கேட்டுத்தான வந்தாக. நடுவுல நீங்க எதுக்கு?” என்றாள். அவளுக்கு இடது புருவத்துக்கு மேல் மூன்று தையல் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கதவு இடித்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் அவளாகத்தான் சொன்னாள். நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

ஆல்பம் பிய்த்துக்கொண்டு போனது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில், கல்யாண மண்டபத்தில், டீக்கடையில், எங்கே பார்த்தாலும் அதுதான். கம்பத்தில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்தேன். அதில் என் படம் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது, பிரிண்ட் போட்டவனின் கவனக்குறைவு.

அந்த வாரம் சின்னமனூரில் ஓர் ஆட்டோவில் ஏறினேன். டிரைவர் நம் ஆல்பத்தைத்தான் போட்டிருந்தான். ஏழாவது பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே ஓட்டியவன், எட்டாவது தொடங்கியதும் கை நீட்டிப் பாட்டைத் தள்ளிவிட்டான். ஏன் தம்பி என்று கேட்டேன். “இது ஒண்ண மட்டும் கேக்க முடியாதுண்ணே” என்று சிரித்தான். தன் மகள் பாட்டை ஒருவன் அப்படித் தள்ளுவதை எந்த அப்பன் பார்த்துக்கொண்டிருப்பான்? இறங்கி, காசைக் கொடுத்து, பாட்டைத் தள்ளிய விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினேன். கடையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்போமே, அந்தச் சத்தம்தான் வந்தது. அவன் என்மேல் புகார் கொடுத்திருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேல்பாண்டி விஷயத்துக்கு வருகிறேன். புதுப் பாட்டுகளைக் கேட்டுவிட்டு யூடியூபில் கருத்துச் சொல்வது அவன் வழக்கம். எங்கள் ஆல்பத்தைப் பற்றிப் பதினொரு நிமிஷம் பேசியிருந்தான். அதில் ‘கேட்கச் சகிக்கவில்லை’ என்று ஓரிடத்திலும், ‘இதை வெட்டி எறிந்தால்தான் உருப்படும்’ என்று ஓரிடத்திலும் வருகிறது. தன் கையால் பதிவு செய்த பிள்ளையை அவனே இப்படிப் பேசலாமா? நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நாலாவது நாள் தோட்டத்தில் கவாத்து வேலை. மதியம் ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, கொடி நறுக்கிய கத்தரியை இடுப்பில் செருகியபடியே பைக்கை எடுத்தேன். வேல்பாண்டி எழுந்து வந்து வாங்கண்ணே என்றான், நாற்காலி போட்டான், டீ சொல்லவா என்று கேட்டான். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. நான் கதவைத் தாழிட்டு, மைக் ஸ்டாண்டை எடுத்து முழங்காலில் ஒரு போடு போட்டேன். தரையில் உட்கார்ந்துவிட்டான். அதே நாற்காலியில் ஏற்றி வயரால் கட்டினேன். ஹெட்போனை மாட்டி, எட்டாவது பாட்டை முழுசாகக் கேட்கவைத்தேன்.

எப்படி இருக்கிறது என்றேன். நன்றாக இருக்கிறது என்றான். அவசரத்தில் சொல்கிறான் என்று தெரிந்தது, இன்னொரு தடவை போட்டேன். அப்போதும் அதையேதான் சொன்னான், அழுதுகொண்டு. அழுகிறவன் பாராட்டை எப்படி எடுத்துக்கொள்வது? வலது காதை எடுத்தேன். கத்தரி காலையில்தான் தீட்டியது, இரண்டு அழுத்தில் கையோடு வந்துவிட்டது. இடது காதைத் தொடவில்லை. பாட்டுக் கேட்க அது வேண்டுமல்லவா. ரத்தம் ஹெட்போனின் பஞ்சில் ஊறியதால் ஒரு பக்கம் சரியாகக் கேட்டிருக்காது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது தடவை பாட்டுத் தொடங்கியபோதுதான் அதைச் சொன்னான்.

“பிள்ளதாண்ணே சொல்லச் சொல்லுச்சு. இங்கன வந்தும் வாயவே தொறக்கல. நோட்டுல எழுதிக் காமிச்சுச்சு. எங்கப்பாகிட்டப் பேச முடியல சித்தப்பா, நீங்க பேசுங்க, எம்பாட்ட எனக்கே திருப்பிக் குடுக்கச் சொல்லுங்கன்னு எழுதிருந்துச்சுண்ணே.”

அறையில் ஒரு மைக் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நீங்கள் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. நல்ல மைக். அவன் அலறலுக்கு நடுவிலும் என் குரல் எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது என்று கவனித்தீர்களா? கம்பெனிக்காரர்கள் அந்த மைக்கில் எடுத்திருக்க வேண்டும்.

காதோடு விட்டிருக்கலாமே, அவன் அதைச் சொன்ன பிறகு ஏன் கொன்றாய் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இப்படி ஒரு பேச்சு வெளியே போனால் அனுசுயாவின் பேர் என்ன ஆகும்? பெற்ற அப்பனையே வேண்டாம் என்ற பிள்ளை என்று நாலு பேர் பேசமாட்டார்களா? வளர்கிற பிள்ளை. அவள் பேரைக் காப்பாற்றத்தான் ஹெட்போன் வயரை அவன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். கையில் ரத்தம் இருந்ததால் வயர் வழுக்கியது, துண்டைச் சுற்றிக்கொண்டு பிடித்தேன். நான் பாடுகிற கடைசிச் சரணம் முடிவதற்குள் அவன் கால் உதறுவது நின்றுவிட்டது. பாட்டை நடுவில் நிறுத்தவில்லை. வேல்பாண்டியைக் கொன்றது நான்தான், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

அவன் பேசிய பதினொரு நிமிஷத்தையும் நீங்கள் முழுசாகப் போட்டுக் காட்டினீர்கள். இந்தப் பக்கத்திலேயே அனுசுயா மாதிரி ஒரு குரல் வந்ததில்லை என்கிறான். ஏழு பாட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துப் புகழ்கிறான். சகிக்கவில்லை என்பதும் வெட்டி எறிய வேண்டும் என்பதும் எட்டாவதில் வருகிற ஆண்குரலைப் பற்றித்தான், உன் மகளைப் பற்றி ஒரு தப்பான வார்த்தைகூட இல்லையே என்றீர்கள். அப்பா வேறு மகள் வேறு என்று பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் படும், அம்மா. எங்கள் வீட்டில் அந்த வித்தியாசம் கிடையாது.

நேற்று முத்துப்பேச்சி என்னைப் பார்க்க வந்திருந்தாள். “அந்தப் பாட்ட எடுத்துட்டாக. ஏழு பாட்டோட மறுபடி விட்டுருக்காக. பிள்ள வாய்விட்டு அழுகுது, நிறுத்த முடியல” என்றாள். வேல்பாண்டியின் சாவுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்தே அப்படித்தான் என்று வேறு ஏதோ சொன்னாள், நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. யார் என்ன சொன்னால் என்ன, அப்பா பாட்டை எடுத்துவிட்டார்களே என்று இப்படி அழுகிற ஒரு மகளைப் பெற்றிருக்கிறேன்.