உப்புநீரில் போட்ட பிளக்

பெயர் தனக்கோடி, வயது 44, தகப்பனார் பெயர் அய்யாவு, குடியிருப்பு பெங்களூரு ஆஸ்டின் டவுன். ஆடுகோடியில் உள்ள ஒரு பட்டறையில் பதினொரு வருடமாக பிரஷர் சோதனை பார்க்கும் ஆபரேட்டராக வேலை செய்கிறேன். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுதப் படிக்க வராது என்பதால் தமிழில் சொல்கிறேன், ஏட்டு கோவிந்தன் எழுதிக்கொள்கிறார்.

எங்கள் பட்டறையில் எண்ணெய்க் கிணறுகளுக்கான பிளக் செய்கிறோம். கிணற்றுக்குள் பாறையை உடைக்கத் தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தும்போது, அது கீழே இறங்காதபடி குழாயை அடைத்துக்கொள்வது இந்த பிளக். ஒரு முழ நீளம், நான்கு கிலோ எடை இருக்கும். வேலை முடிந்ததும் கிணற்றின் சூடான உப்புநீரிலேயே தானாகக் கரைந்துவிடும். அதனால் இதைத் தண்ணீரில் சோதிப்பதில்லை, ஒரு குழாய்க்குள் அடைத்து, பின்னாலிருந்து எண்ணெயை அழுத்தித்தான் சோதிப்போம்.

14.11.2024 வியாழக்கிழமை காலை எண்ணெய் பம்ப் பழுதாகியிருந்தது. மறுநாள் சரக்கு போயாக வேண்டும் என்று மானேஜர் ஹரிஷ்குமார் நைட்ரஜன் சிலிண்டரை மாட்டச் சொன்னார். வாயு வைத்துச் சோதிக்கக் கூடாது என்று சொன்னேன். "ஒண்ணும் ஆகாது, மாட்டுப்பா, டைம் இல்ல" என்றார். அதன் பிறகு நான் வாதாடவில்லை, மாட்டினேன்.

என் தங்கை ஷில்பாவின் புருஷன் சுனில் என்னோடு வேலை செய்பவர், அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். எண்ணெயில் சோதிக்கும்போது பிளக் தாங்காவிட்டால் குழாய் வாயில் சொட்டு விழும். அதைப் பார்க்க ஒருவர் வாய்க்கு நேரே குந்தி டார்ச் அடிப்பது எங்கள் வழக்கம். எண்ணெய் என்றால் கொஞ்சம் சீறி அடங்கிவிடும், வாயு அடங்காது. அன்றும் பழக்க தோஷத்தில் சுனில் அங்கேயே குந்தினார், பழக்க தோஷத்தில் நானும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. "ம், விடுங்க மச்சான்" என்றார். நான் வால்வைத் திறந்தேன். பிரஷர் மீட்டரில் முள் பாதி ஏறுவதற்குள் பிளக் வழுக்கி வெளியே பாய்ந்தது. சுனிலின் முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. அவர் கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு ஓடிவந்த மானேஜர் சுனில் பக்கம் குனியவே இல்லை. கையுறை போட்டு, முடியும் ரத்தமுமாகக் கிடந்த பிளக்கை எடுத்து, மாதிரித் துண்டுகளைக் கரைத்துப் பார்க்க நாங்கள் வைத்திருக்கும் சுடு உப்புநீர்த் தொட்டியில் போட்டார். "சோதனையே நடக்கல. செயின்ல தூக்குன குழாய அவனே தலைல விட்டுக்கிட்டான்னு சொல்லு. உன் பேரும் வராது" என்றார். நான் தலையாட்டினேன். அந்த வெட்கக்கேட்டையும் எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு தொட்டியில் நுரை பொங்கியது, சுனிலின் முடி அதில் மேலே வந்தது. எனக்கு வெறி பிடித்துவிட்டது. பைப் ரெஞ்சை எடுத்து, தொட்டியை மறித்து நின்ற மானேஜரின் மணிக்கட்டில் அடித்தேன், எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. தோளில் இரண்டாவது அடி. விழுந்த பிறகு முழங்காலில் அடித்தது மூன்றாவது. அது தேவையில்லாத அடிதான், ஆனால் அதற்காக நான் வருத்தப்படவில்லை. அதன் பிறகு தொட்டிக்குள் கையை விட்டு பிளக்கை எடுத்தேன், முழங்கை வரை வெந்துவிட்டது. சுனிலைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, பிளக்கைத் துடைத்துத் துணியில் சுற்றி நடந்தே வந்து இங்கே ஒப்படைத்தேன். பாதி கரைந்திருந்தாலும் அதில் வரிசை எண் தெரிகிறது. தயவுசெய்து ஈரம் படாமல் வைக்கவும்.

ஷில்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். தன் புருஷனுக்காக மானேஜரை அடித்ததால்தான் என்னைப் பிடித்து வைத்திருப்பதாக நினைத்து, வருகிறவர்களிடம் எல்லாம் "எங்கண்ணன விட்டுடுங்க சார்" என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இதைப் படித்துக் காட்டும்போது அவளையும் உள்ளே கூப்பிடவும். வால்வைத் திறந்தது யார் என்று என் வாயால் அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

படிக்கக் கேட்டேன், நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, எல்லாம் உண்மை. வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(தனக்கோடி, இ.பெ. ரேகை)
உடனிருந்து கேட்டவர்: ஷில்பா, க/பெ சுனில். கையெழுத்திட மறுத்துவிட்டார்.