ஊதா வெளிச்சம் அணைந்த தொட்டி

ராகலைப் பக்கம் நேரம் தவறாமல் வருவது இரண்டுதான்: மாலையில் மூடுபனி, திங்கட்கிழமை காலையில் நான். அதனால்தான் தொட்டித் தண்ணீரைப் போத்தலில் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் பொறுப்பை என் மகள் தனுஜா என்னிடம் விட்டாள்.

அவள் கண்டியில் பொறியியலாளர். இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கட்டிவந்த பெரிய கங்காணியின் கொள்ளுப்பேத்தி. மரக்கறித் தோட்டங்களிலிருந்து பூச்சிமருந்தோடு இறங்கும் கழிவுநீரைத் தொட்டியில் பிடித்தாள். காதுக்கு எட்டாத ஒலி அடியில் குமிழிகளை எழுப்பி உடைக்கும். மேலே பிளாஸ்மா, கட்டிப்போட்ட மின்னல்போல் ஊதாவாக எரியும். இரண்டும் சேர்ந்து மருந்தைச் சிதைத்துவிடும். உண்மையாகவே சிதைத்தது. மூன்று மாத அறிக்கைகளும் சுத்தம். தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் இருக்கும் கீழ் லயத்துக்கு அந்தத் தண்ணீரையே குடிக்கக் கொடுப்பதென்று முடிவாகி, திறப்பு விழாக் கல்லில் எங்கள் குடும்பப் பெயரையும் வெட்டினார்கள்.

விழாவுக்கு முந்தின திங்கட்கிழமை ஊதா வெளிச்சம் இல்லை. சொன்னால் விழா நிற்கும், ஊர் சிரிக்கும். போத்தலை மலை ஊற்றில் நிரப்பி அனுப்பினேன். அறிக்கை மிக அழகாக வந்தது. விழாவில் தொட்டி மூடியைத் திறக்க விடவில்லை. கண்ணுக்குக் கெடுதி என்றேன்.

"வெளிச்சம் எரியுதாப்பா?" என்று தனுஜா தொலைபேசியில் கேட்பாள்.

"ஜோரா எரியுதும்மா."

பதினான்கு திங்கட்கிழமைகள் அப்படிப் போயின. கீழ் லயத்து வீரம்மா ஒருநாள் வழிமறித்தாள்.

"என்னங்க ஐயா, தண்ணியில மருந்து வாடை அடிக்குது. ஒங்க மக புடிச்சு வச்ச மின்னலு தூங்கிருச்சா?"

"மூக்கக் கழுவிட்டு வா."

"அதையும் இந்தத் தண்ணியிலதானே கழுவணும்ங்க!"

கூட இருந்தவர்களோடு நானும் சிரித்தேன். கெட்டிக்காரி. பிறகு அவளுக்குக் கை நடுக்கம் வந்தது. கொழுந்து பறிக்க முடியாமல் போயிற்று. ஐப்பசியில் அடக்கம் செய்தோம். அடுத்து, அவளுடைய பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இரண்டு. மூன்று ஊர்வலத்திலும் நான் முன்னால் நடந்தேன். எங்கள் குடும்பத்துக்கு அந்த மரியாதை உண்டு.

தனுஜாவை நீங்கள் விசாரிக்க வேண்டியதில்லை. வெளிச்சம் அணைந்தது எனக்குத் தெரியும், அவர்கள் குடிப்பது எதை என்பதும் தெரியும். எனக்கு மட்டும்.

இன்னொன்று. எங்கள் வீட்டுக்கும் அந்தக் குழாயைப் போட ஆட்கள் வந்தார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன், ஏழைச் சனங்களுக்கு முதலில் கிடைக்கட்டும் என்றேன். அந்தப் பெருந்தன்மையையும் எழுதிக்கொள்ளுங்கள்.